சுப்புராஜின் புது டேங்க்

அருப்புக்கோட்டை லாரி பட்டறைகளில் கழிக்கும் ஆயிலை வாங்கி, காய்ச்சிச் சுத்தம் செய்து விற்பவர் சுப்புராஜ். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் பிடிவாதத்தில் ஊரில் அவருக்கு ஜோடி கிடையாது.

முதலில் வெட்டிய டிரம்மில், திறந்த அடுப்பில்தான் காய்ச்சினார். பழைய ஆயிலில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும். சூடேறினால் அது ஆயிலையும் தூக்கிக்கொண்டு பொங்கும். 1991இல் அப்படிப் பொங்கித் தீப்பிடித்ததில் மைத்துனன் வீரணனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. இனி இங்கே ஆயில் காய்ந்தால் பிறந்த ஊரான பரளச்சிக்கே போய்விடுவேன் என்றாள் வீரணனின் அக்கா, சுப்புராஜின் மனைவி ஜக்கம்மாள். சொன்னால் செய்கிறவள்.

மனிதர் விடவில்லை. மதுரையில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, மூடிய டேங்க் ஒன்று செய்துகொண்டு வந்தார். ஆவி போக மேலே குழாய், சூடு பார்க்க மீட்டர், அடியில் தங்கும் தண்ணீரை முதலிலேயே இறக்கிவிட ஒரு வால்வு. கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவைக்கு அவளிடம் சம்மதம் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை டேங்குக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். லாரி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதற்குச் சக்கரம் ஏது? ஜக்கம்மாளின் பயமெல்லாம் டேங்குக்கு உள்ளே இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் ஒரு பழத்தையும் அதன் வாய்க்குள் போட்டுவிட்டாள். பிறகு ஆயிலை ஊற்றி மூடியை முடுக்கினார்கள்.

சுப்புராஜ் வால்வைத் திறந்தார். நாலு சொட்டு விழுந்து நின்றது. தண்ணீர் அவ்வளவுதான் என்று சந்தோஷமாக அடுப்பைப் பற்ற வைத்தார்.

மீட்டர் முள் நூறு டிகிரியில் நின்றுவிட்டது. இன்னும் விறகை உள்ளே தள்ளியும் நகரவில்லை. உள்ளே தண்ணீர் கொதித்தால்தான் அப்படி நிற்கும். டேங்க் திம் திம் என்று அதிர்ந்தது. மேல் குழாய் கறுப்பாகத் துப்பியது. வால்வை முழுக்கத் திருகினார், ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள்.

"தண்ணி ஊத்தாதீக. எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார் சுப்புராஜ்.

ஜக்கம்மாள் மட்டும் போகவில்லை. "உள்ள பழம் கெடக்குங்க. மஞ்சத்தண்ணியும் ஊத்துனேன்" என்றாள்.

கோபப்பட நேரமில்லை. கொக்கியால் எரிகிற விறகுகளை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க அவள் மண்ணை அள்ளி மூடினாள். சூடான ஆயில் அவர்கள் காலடியில் தெறித்தது. தீ அடங்கி வெகுநேரம் கழித்தே அதிர்வு நின்றது.

மறுநாள் ஆறிய பிறகு வால்வு வழியாகக் கம்பியை விட்டுக் குத்தினார். பழம் விலக, மஞ்சள் தண்ணீர் பீச்சியடித்தது. பின்னாலேயே கருகருவென்று ஆயில். எல்லாவற்றையும் அவள் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரளச்சி பஸ்ஸுக்குக் கிளம்புவாள் என்றே அவர் நினைத்தார்.

"இனிமே பழத்த வெளியவே கட்டிக்கிறேன்" என்றாள். "ஆனா வால்வ நாந்தேன் தொறப்பேன்."

அதற்கப்புறம் ஜக்கம்மாள் கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, "ம்" என்று சொல்லாமல் சுப்புராஜ் தீப்பெட்டியைத் தொட்டதில்லை.