கப்பலில் வராதவர்

டீசல் புகையும் உப்புச் சேற்று வாடையும் கலந்து வந்தால், லிங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பார்த்த அந்தப் பெரியம்மாவுக்காக மனம் ஏங்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மாதக்கணக்கில் திட்டமிட்டு வந்த பிரிட்டிஷ் படை அங்கே கடற்கரையில் இறங்கியதைப் பற்றி எழுத, பல வருடம் கழித்துப் போயிருந்தேன். படை இறங்கியபோது அவருக்கு எட்டு வயது.

"எத்தன கப்பல், பெரியம்மா? லோரியெல்லாம் மணல்ல புதைஞ்சிச்சாமே?"

"கப்பல் கணக்கு தெரியாதுலா, தம்பி. ஜப்பான்காரன் சயாம்ல ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போனவங்கதான் திரும்பி வராங்கன்னு நெனச்சோம். அப்பா சட்டையத் தொவச்சு எடுத்துக்கிட்டு ஓடுனேன். எறங்குன ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்தேன். பொழுதே சாஞ்சிருச்சு."

கப்பல்களை எண்ண வந்த எனக்கு வெட்கமாக இருந்தது. நோட்டை மூடினேன்.

அவர் வாசல்வரை வந்தார்.

"அப்பாவுக்கு எடது புருவத்துல தழும்பு. அதையும் எழுதிரு தம்பி. யாராச்சும் பாத்திருப்பாங்க."