மேனேஜர் விளையாட்டு

எங்கள் வீட்டில் மேனேஜராக இருந்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையற்கட்டு முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பதவி தானாக வந்துவிடும். எதிரே சித்தி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். "ம், சொல்லு" என்பேன். அவள் பேச ஆரம்பித்ததும் நான் குறுக்கே விழ வேண்டும். கொட்டாவி விடலாம், காகிதத்தைப் புரட்டலாம், "சுருக்கமா சொல்லு" என்று அதட்டலாம். அவள் பேச்சு நின்றுபோனால் எனக்கு வெற்றி. கடைசி வரை சொல்லி முடித்துவிட்டால் அவளுக்கு. இந்த விதிகளையெல்லாம் வகுத்தவளும் சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. பினாங்குத் தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்களோடு தங்கி அவள் அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். பினாங்குப் பாலம் திறந்த புதிது. கடலுக்கு மேலே பஸ்ஸில் போகிறவள் என்று எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை. அங்கே அவள் ஒரு வரிசைப் பெண்களுக்கு லைன் லீடர். ஆனால் குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அடக்கிப் பேசு, அடக்கிப் பேசு என்று சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தேய்த்து வைத்திருந்தார்கள். என் அம்மாவும் அதில் கூட்டு.

அந்த வருஷம் தொழிற்சாலையில் பெண்கள் மயங்கி விழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி அலறிக்கொண்டு விழுவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பேய் என்றார்கள். நிர்வாகம் ஒரு போமோவை வரவழைத்தது. அந்த மலாய் மந்திரவாதி மூலைக்கு மூலை தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். எனக்கோ பேய்க்கதை இனித்தது. சித்திக்குப் பக்கத்து இருக்கைப் பெண் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பேய் இல்லை, சர்க்யூட் பலகைகளைக் கழுவுகிற திரவத்தின் வாடைதான் என்று சித்திக்குத் தெரியும். ஜன்னலே இல்லாத அறையில் நாள் முழுக்க அதை முகர்ந்தால் யாருக்கும் தலை சுற்றும். இதை மேனேஜரிடம் தானே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தாள். அதற்குத்தான் ஒத்திகை. முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பாள், பிறகு மலாயில். அடுத்து மயங்கப்போகிறவளும் தன் வரிசைப் பெண்தான் என்ற பயம் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. வேலைக்குப் போனோமா வந்தோமா என்று இருக்கத் தெரியாதா என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பார். அம்மாவுக்கு வேறு கவலை. நிபோங் திபாலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து சித்தியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் எல்லா ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன். போகப்போக நான் முக்காலியைத் தட்டினாலும் மேசையைத் தட்டினாலும் சித்தி நிறுத்துவதில்லை. குரல்கூட நிமிர்ந்துவிட்டது. அவள் வாக்கியங்கள் எல்லாம் எனக்கே மனப்பாடம்.

ஒருநாள் உண்மையான மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். மலாயில், நிறுத்தாமல், தடுமாறாமல், முழுவதும். சீனரான அந்த மேனேஜர் அவள் பேசிய நேரமெல்லாம் பக்கத்தில் நின்ற தமிழ் சூப்பர்வைசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். முடித்ததும் அவரிடம், இவளுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டாராம். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், பேய்க்குப் பயப்படுகிறார்கள், வேறொன்றுமில்லை என்றாராம் சூப்பர்வைசர். தமிழ்ப் பெண்களுக்காக ஒரு பூசை போட்டுவிடலாம் என்று பேச்சு முடிந்தது. விதிப்படி நீதானே ஜெயித்தாய் என்று சித்தியிடம் சொன்னேன்.

பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வீட்டாரும் வரலாம் என்றதால் சித்தி என்னையும் கூட்டிப்போனாள். தொழிற்சாலையின் பின்வாசலில் ஒரு மரத்தடி, அதில் சாய்த்து வைத்த காளியம்மன் படம். மேனேஜர் டையைக் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்றார். உடுக்கை சூடு பிடித்தது. கற்பூரம் காட்டும்வரை சித்தியின் கை என் கையைப் பிடித்திருந்தது. அப்புறம் அது என்னிடம் இல்லை. கூந்தல் அவிழ்ந்து, கண் செருகி, சித்தி கூட்டத்துக்கு நடுவே நின்றாள்.

"கழுவுற தண்ணியோட வாடை என் புள்ளைங்க கண்ண எரிக்குது. ஜன்னல் இல்லாத ரூம்ல அடைச்சு வெச்சிருக்கீங்க. வாடைய வெளிய இழுக்க ஃபேன் போடுங்க. அனுப்பிட்ட பொண்ண திரும்பக் கூப்பிடுங்க. அவ பொய் சொல்லல."

சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "உத்தரவு தாயி" என்றார். ஒவ்வொரு சொல்லையும் விடாமல் மலாயில் மேனேஜருக்குச் சொன்னார். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அத்தனையும் முக்காலிக்கு எதிரே நின்று சொன்ன வாக்கியங்கள். எங்க பொண்ணுங்க என்பது மட்டும் என் புள்ளைங்க என்று மாறியிருந்தது. அம்மன் எங்கள் சமையற்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி ஒரு வாரம் பெருமையடித்தேன்.

ஃபேன் வந்தது. மயக்கம் குறைந்தது. தாடை உடைந்த பெண்ணும் வேலைக்குத் திரும்பினாள். பெண்கள் சித்திக்குப் பூவும் பழமும் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆனால் கேண்டீனில் அவள் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள். கொஞ்ச நாளில் லைன் லீடர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். சாமி வருகிற பெண்ணை எந்த நேரத்தில் என்ன ஆகுமோ என்று மெஷினுக்குப் பொறுப்பாக வைக்க முடியாதாம். நிபோங் திபால் வீட்டாருக்கும் எப்படியோ செய்தி போய், சாமி வருகிற பெண் நமக்குச் சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று சாயந்தரம் அம்மா அவளைக் கேட்டே விட்டாள். வந்தது நெசமாவே அம்மனா, இல்லை நீதானா? நீதான் என்றால் அதையாவது அவர்களிடம் போய்ச் சொல்லேன், கல்யாணம் நிற்காதே என்றாள்.

சித்தி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான்னு சொன்னா ஃபேன கழட்டிருவாங்கக்கா" என்றாள்.

அது ஆம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போதோ, மாட்டிய ஃபேனை யாராவது கழற்றுவார்களா என்றுதான் யோசித்தேன்.

சில நாள் கழித்து, வீடு உம்மென்று கிடப்பது பிடிக்காமல், அப்பாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினேன். சித்தி கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ம், சொல்லு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. நான் கொட்டாவி விடவில்லை, எதையும் தட்டவில்லை, காத்திருந்தேன். அவள் பார்வையை இறக்கிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

நான் முக்காலியிலிருந்து குதித்து, நான்தான் ஜெயிச்சேன் என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.