கல்யாண முருங்கைப் பலகை

அம்மாக்கண்ணு குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் நின்ற கல்யாண முருங்கை மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் சாறு கசிந்து ஈரமாக இருந்தது. அவள் புருஷன் நாகநாத ஆசாரி, வெட்டிய மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

அது மகள் பொன்னழகின் கல்யாணத்துக்குப் பந்தலில் நட்ட கொம்பு. கல்யாணம் முடிந்ததும் அம்மாக்கண்ணுதான் அதைப் பிடுங்கி வந்து கொல்லையில் ஊன்றினாள். அடுத்த வருஷமே பொன்னழகு தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. மரம் மட்டும் தழைத்து, வருஷா வருஷம் சிவப்பாகப் பூத்தது. பூக்கும் காலத்தில் அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். ஆனால் யாரையும் அதில் ஒரு இலை பறிக்க விட்டதில்லை.

"யாரக் கேட்டு வெட்டுனீக?"

"செட்டியார் வீட்டுத் தம்பி ஒரு பலகை கேட்டிருக்காக. தக்கை கணக்கா மெதக்கணும். தேக்குல செஞ்சு குடுத்தேன், தூக்கவே ரெண்டாளு வேணும்னு ஒடச்சு அடுப்புல போட்டுட்டாக. இதவிட லேசான மரம் இங்குட்டு எங்க இருக்கு, சொல்லு."

"எம் மக மரம்."

"மக போயித்தான் எத்தனையோ வருஷமாச்சே." உரிப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் மனம் ஆறிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பலகை கேட்டது கானாடுகாத்தானில் பெரிய வீட்டுத் தேனப்பன். கொழும்பில் தகப்பனாரின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அறுபத்தேழில் ஊருக்கு வந்துவிட்டான். அங்கே கடற்கரையில் வெள்ளைக்காரப் பையன்கள் நீளப் பலகையில் ஏறி நின்று அலையோடு வருவதைப் பார்த்திருக்கிறான். தானும் கொஞ்சம் பழகியிருக்கிறான். இங்கே வந்தபின் வேறு நினைப்பே இல்லை அவனுக்கு. கரித்துண்டால் தரையில் படம் போட்டுக் காட்டினான். முன்னால் கூம்பி, நடுவில் அகன்று, பின்னால் ஒடுங்க வேண்டும். அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு கட்டை வேண்டும்.

நாகநாதன் அந்தப் பெரிய வீடுகளின் கதவிலும் நிலையிலும் வளர்ந்தவர். மரத்தை விரல் முட்டியால் தட்டிக் காதை வைப்பார். உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். முருங்கையை அறுத்து, நிழலில் காயப்போட்டு, மூன்று துண்டுகளை முளையடித்துச் சேர்த்தார். வாச்சியால் செதுக்கி வளைவு எடுத்தார். திருக்கை மீன் தோலால் தேய்க்கிற வேலை எப்போதும் அம்மாக்கண்ணுவுடையது. அந்தப் பலகையையும் அவள்தான் தேய்த்தாள். உள்ளங்கை எரிய எரியத் தேய்த்தாள். பலகை குழந்தையின் கன்னம் மாதிரி ஆயிற்று.

தேனப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சிநேகிதர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மண்டபம் ஊருக்குத் தெற்கே கடற்கரைக்குப் போனான். பலகையில் குறை இருந்தால் அங்கேயே சரிசெய்ய ஆசாரியையும் கூட்டிப்போனான். குறை ஒன்றும் இல்லை. தேனப்பன் நாலைந்து தரம் எழுந்து நின்று வந்தான். அலுத்துப்போனதும் சிநேகிதர்களில் ஒருவன், "ஆசாரிய ஏத்தி விடுங்கப்பா, பாப்போம்" என்றான்.

"எனக்கு நீச்சல் கெணத்தோட சரி, தம்பி. வேணாம்."

வேட்டியை அவிழ்த்துக் கோவணத்தோடு குப்புறப் படுக்கவைத்து, அலை எழும்பும் நேரம் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். பலகை அவரைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாறைக்குப் போயிற்று. வலது கை பலகைக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியது. அவர்கள் சிரித்து முடித்துத்தான் ஓடி வந்தார்கள்.

"அடடா, பலகை போச்சே" என்றான் தேனப்பன். முனை பிளந்திருந்தது.

வைத்தியம் பார்த்தும் விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். சோற்றைக்கூட இடது கையால் அள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாக்கண்ணுவிடம் சொன்னார்: "ஆனா ஒண்ணு. அந்த அலை தூக்குச்சு பாரு, பறக்குற மாதிரி இருந்துச்சு." அவள் அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்மேலா, தேனப்பன்மேலா, யார்மேல் அதிக வெறுப்பு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தேனப்பன் மறுபடி வந்தான். இன்னொரு பலகை வேண்டுமாம். "கை இல்லேன்னா என்ன, காது இருக்குல்ல ஒனக்கு. மரத்தப் பாத்துக் குடு, ஒம் பொஞ்சாதி செதுக்கட்டும்." நாகநாதன் மறுக்கவில்லை. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று இருந்தவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு தோப்பில் கிடந்த கல்யாண முருங்கையைத் தட்டித் தேர்ந்து வண்டியில் ஏற்றி வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அம்மாக்கண்ணு வாச்சி பிடித்தாள். அத்தனை வருஷம் பார்த்த கண், கை தானாகப் போயிற்று.

ஒரு முற்பகல், அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, நடுப்பலகையில் வாச்சி பட்ட இடத்தில் ஒரு துளை திறந்தது. ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தாள். வண்டு குறுக்கே அரித்துக்கொண்டு போயிருந்தது. ஆள் ஏறி நின்றால் எங்கே முறியும் என்று அவளுக்குத் தெரிந்தது.

குச்சியை எறிந்துவிட்டு, தேன்மெழுகை உருக்கி, மரத்தூளைக் குழைத்து, துளையின் வாயை அடைத்தாள். மேலே தேய்த்தாள். அவர் வருவதற்குள் ஒரு கை வார்னிஷும் பூசிவிட்டாள்.

நாகநாதன் இடது கையால் தடவிப் பார்த்தார். "ஒரு பிசிறு இல்ல. உள்ளுக்குள்ள ஏதும் தட்டுப்பட்டுச்சா?"

"இல்ல."

எழுபதாம் வருஷம் தைமாதம் கடலில் அந்தப் பலகை இரண்டாக முறிந்தது. முறிந்த முனை தேனப்பனின் முழங்காலுக்குள் ஏறியது. உயிர் தப்பியது, கால் அதற்குப்பின் மடங்கவே இல்லை. பாதிப் பலகைதான் கரைக்கு வந்தது. ஆசாரியை வரச்சொல்லி, வீட்டு முகப்பில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, தேனப்பன் அதை அவர் முன்னால் போட்டான்.

"பூச்சி அரிச்ச மரத்த எந்தலையில கட்டிட்ட. ஒங் காதும் போச்சு, ஆசாரி."

நாகநாதன் குனிந்து, முறிந்த இடத்தில் தெரிந்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கித் தோளில் வைத்து நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அதை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பதே வேலையாயிற்று. யாராவது மரம் பார்க்கக் கூப்பிட்டால், "எனக்குக் கேக்குறதில்லப்பா, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். "கையி போனப்பக்கூட இப்பிடி இல்லடி. எப்பிடி எனக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்பார். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது.

ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தா பாருங்க..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கேட்கவில்லை. பலகையைத் தடவியபடி, "நம்ம கொல்லையில நின்னது நல்ல மரம். வெட்டயில வெண்ணெ மாதிரி எறங்குச்சு. அதுமாதிரி ஒண்ணு அப்புறம் அமையல" என்றார்.

அம்மாக்கண்ணு கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தினாள். "கஞ்சி ஆறுது" என்று சொல்லி எழுந்தாள்.

இன்னும் மூன்று வருஷம் அவர் இருந்தார். அவள் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், ஒரு குறை வைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் தேனப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தான். காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். "நல்ல வேலக்காரன்தான். அந்த ஒரு மரத்துலதான் சறுக்கிட்டான்" என்றான்.

"ஆமா தம்பி," என்றாள் அம்மாக்கண்ணு. "கடேசியில அவுகளுக்கு ஒண்ணும் புடிபடல."