பிரிக்பீல்ட்ஸில் ஓர் அட்டைப்படத்தைத் தேடி

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு இரண்டு சனிக்கிழமை போய்வந்தேன். இரண்டு முறையும் வீட்டில் டியூஷன் என்று பொய் சொன்னேன். அதனால் இதில் என் பெயர் இருக்காது. பக்கத்து அறையில் அப்பா இருமினால் போனை அணைத்துவிடுகிறேன். எழுத்து விட்டு விட்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஐந்தாம் படிவ ஓவியப் பாடத்துக்கு நான் எடுத்த தலைப்பு, பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் பின்-அப் அட்டைப்படங்கள். சுவரில் குத்தி வைப்பதற்கென்றே வரைந்த பெண்கள். முழங்கால் தெரிகிற கவுன், டெலிபோன், சிரிப்பு. என் முதல் படத்தை அப்பா கிழித்தார். "இன்னொரு தடவை பாத்தேன், டிராயிங்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றார். வரும் திங்கட்கிழமை டீச்சரிடம் படம் கொடுக்க வேண்டும். வரைய எடுத்த அட்டையில் எனக்கு வராதது அந்தப் பெண்ணின் விரல்கள்; டெலிபோன் வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும். இணையத்தில் அந்த இடம் மங்கல்.

போன சனிக்கிழமை, கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு பத்து நிமிட நடை. பழைய புத்தகக் கடை மாடியில். படிக்கட்டில் விளக்கு இல்லை. தேடிய அட்டை அங்கே இருந்தது, முப்பது வெள்ளி. பணத்தை நீட்டினேன்.

"டியூஷன் பேக்கோட வந்து இதைக் கேக்குறியா? வீட்டுல தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க லா" என்றார் கடைக்காரர்.

"ஸ்கூலுக்கு அங்கிள், வரையத்தான்."

"பூ வரையேன்."

என் கையிலிருந்த அட்டையை வாங்கி, பின்னால் நின்ற சாப்பாட்டுக் கடை முதலாளியிடம் கொடுத்தார்.

"லேடிஸ் டாய்லெட் கதவுக்கு, பாஸ். இனிமே எவளும் வழி கேக்க மாட்டா!" என்றார். இருவரும் சிரித்தார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாக்கணும்னா கடைக்கு வா தங்கச்சி. சாப்பிட்டாதான் டாய்லெட்."

இன்று போனேன். அதே வரிசையின் கோடிக் கடை. ஒரு தே தாரிக் டீ இரண்டு வெள்ளி ஐம்பது காசு. கதவில் அவளை ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தார்கள். முகம், கவுன், முழங்கால் எல்லாம் பத்திரம். கைப்பிடியை மட்டும் சரியாக விரல்கள்மேல் வைத்து முடுக்கியிருந்தார்கள்.

"போறியா, சும்மா நிக்கிறியா?" என்றார் பின்னால் ஓர் ஆன்டி.

"நீங்க போங்க ஆன்டி."

அவர் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார்.

இந்தப் படங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஆணாக இருந்தால் மாடிக்கே போங்கள், விற்பார்கள். பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தால் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன் கழிவறைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது.

நான் விரல்களை வரையவில்லை. கைப்பிடியை வரைந்தேன், நான்கு திருகாணியோடு. படம் என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலைவரை அப்பா இந்த அறைக்குள் வராமல் இருக்க வேண்டும்.