செல்வராணி ஏறாத பஸ்

மாநில ஓட்டப் போட்டிகளில் மூன்று முறை செல்வராணியிடம் தோற்றவள் நான். ஐயாயிரம் மீட்டரில் அவள் முதலிடம். நான் இரண்டாமிடம்கூட இல்லை, நான்காமிடம். முப்பத்தாறு வயதிலும் மில் வேலைக்குத் தினமும் ஓடியே போகிறாள் என்று பழைய தோழி வீடியோ அனுப்பினாள். நம்மால் மாடிப்படி ஏற முடியவில்லையே என்ற வெட்கத்தில், போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல்லில் காலை 8.10க்கு வேடசந்தூர் பஸ், 50 நிமிடம். அங்கிருந்து எரியோடு பக்கம் அவள் ஊர் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200 ரூபாய். வழியெல்லாம் சோளமும் முருங்கையும், நடுநடுவே நூற்பாலைகளின் நீண்ட மதிலும்தான். ஆட்டோக்காரருக்கு அவளைத் தெரிந்திருந்தது. "நாலு வருசமா தெனம் பயிற்சிக்கு ஓடுறாக. ஊருக்கே அம்புட்டுப் பெருமை" என்றார்.

வீட்டில் அவள் இல்லை, வெளியே போயிருந்தாள்; வேலைக்கு மந்தை வழியாகத்தான் போவாள் என்றார்கள், அதனால் கோயில் முன்னால் இருந்த மந்தைத் திடல் டீக்கடையில் காத்திருந்தேன். 11.30க்கு வேலைக்குக் கிளம்பி வந்தாள். கடையில் இருந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன், விசில் வேறு. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். ஓடவில்லை, நொண்டி நொண்டி நடந்தாள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கூடவே நடந்தேன். மில் எட்டுக் கிலோமீட்டர், ஷிப்டு இரண்டு மணிக்கு. மில் பஸ் மந்தைக்கே வருகிறதாமே, இந்தக் காலோடு ஏன் நடக்கிறாய் என்று திட்டினேன். நடந்துகொண்டே அவள் சொன்னாள்.

பஸ் முன்பு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிவரை போய்த் திரும்பியது. அப்போது காலனிப் பெண்கள் முதலில் ஏறுவார்கள், முன் சீட்டில் உட்காருவார்கள். ஊர்த்தெருப் பெரிய மனிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. மில்லில் பேசி, பஸ்ஸை மந்தையோடு திருப்ப வைத்தார்கள். இப்போது காலனிப் பெண்கள் நடந்து வந்து கடைசியில் ஏறுகிறார்கள். செல்வராணி ஊர்த்தெருக்காரி, அவளுக்கு முன் சீட்டு உண்டு.

"பஸ்ஸு காலனிக்குப் போற வரைக்கும் ஏற மாட்டேன்னு மந்தையில நின்னு சொன்னேன். மறுநா ஓடுனேன். பயிற்சின்னு சொல்லிக் கைதட்டிட்டாக. நாலு வருசமா தட்டுறாக. திட்டி வஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன்; இவர்கள் கைத்தட்டலில் மறைத்திருக்கிறார்கள். என் கையை நினைக்க எனக்கே கூசியது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "இப்ப ஏறிட்டேன்னா, பயிற்சி முடிஞ்சுபோச்சும்பாக" என்றாள்.

1.20க்கு, ஆறு கிலோமீட்டர் தாண்டிய இடத்தில், மில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, சும்மா ஏறுமாறு கெஞ்சினார். செல்வராணி தலையாட்டி மறுத்தாள். அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். காலனிக்காரி, பெயர் பாண்டியம்மாள் என்று பிறகு தெரிந்தது. நேரம் தப்பினால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று டிரைவர் எச்சரித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, பையக் குடுங்க" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். நாலு வருடத்தில் யாரும் இறங்கியதில்லையாம். செல்வராணி அழுதாள். பந்தயத்தில் ஜெயித்து நின்றபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. 1.57க்கு நால்வரும் மில் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

இதை எழுதும் இன்றுவரை பஸ் காலனிக்குப் போகவில்லை. நடப்பவர்கள் மட்டும் ஒன்பது பேராகியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் நிழல் கிடையாது. மதியம் அந்த ரோட்டில் பெண்கள் வரிசையாக நடந்து போவதைப் பார்த்தால், தயவுசெய்து கைதட்டாதீர்கள். வண்டியை விட்டு இறங்கிக் கூட நடங்கள்.