தினேஷ் தூக்கிய நூற்றுப் பத்து கிலோ

ஜிம் மாஸ்டர் வேலையில் ஒருவனை எடை தூக்கவைப்பது சுலபம், அவன் வாயிலிருந்து உண்மையை வரவைப்பதுதான் பெரும் பாடு. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆறே வாரம்

பாடி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிற தினேஷ், அம்பத்தூரில் எங்கள் ஜிம்முக்கு இரண்டு வருடமாக வருகிறான். பெஞ்ச் பிரஸ்ஸில் எண்பது கிலோவைத் தாண்டியதில்லை. திடீரென்று ஆறே வாரத்தில் நூற்றுப் பத்துக்குப் போனான். தோள் புடைத்தது, முதுகெல்லாம் பரு. எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மற்றவர்கள் வாய்பிளந்து பார்த்தபோது, நம்மிடம் பழகியவன் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தேன்.

"முட்டைதான் மாஸ்டர், வேற இன்னா கீது?"

துண்டுக்குள் இருந்தது

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் பையிலிருந்து துண்டை உருவும்போது சின்ன மருந்துக்குப்பி ஒன்று உருண்டு என் காலடியில் நின்றது. டெஸ்டோஸ்டிரோன். வேலப்பன்சாவடியில் ஒருத்தன் கொடுத்தானாம், நாலு மாதமாக ஊசி போட்டுக்கொள்கிறானாம். தனியாகக் கூட்டிப்போய் உலுக்கிக் கேட்டேன். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. ஆண்களுக்கான ஹார்மோன்தானே, உடம்பும் ஏறும், குழந்தையும் தங்கும் என்று நினைத்திருக்கிறான்.

வெளியிலிருந்து இது உள்ளே போனால் சதை ஏறும், பலமும் ஏறும்; ஆனால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குறைந்து அற்றே போகலாம் என்றேன். உடனே டாக்டரைப் பார், வீட்டிலும் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்று மிரட்டினேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"நூத்திப் பத்து கிலோ தூக்கறேன் மாஸ்டர், எனக்கா கொறையப் போவுது?"

கவிதா வந்த நாள்

என் மிரட்டலுக்குப் பயந்து வீட்டில் சொல்லியிருக்கிறான்; அடுத்த வாரம் அவன் மனைவி கவிதா கையில் அவனுடைய டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வந்தாள். பின்னால் தினேஷ், தலை நிமிரவில்லை. விந்தணு ஒன்றுகூட இல்லை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். கர்ப்பம் தங்குவதற்காக அவளும் இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலே உயரவில்லை.

"கொழந்தைக்காகத்தான் அண்ணா ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கினோம். என்னை டாக்டர் பாத்துக்கினு இருந்தாரு, இவர யாரு பாத்துக்கினு இருந்தது?"

இப்போதெல்லாம் எவனாவது மளமளவென்று எடை கூட்டித் தூக்கினால், எல்லாரும் கைதட்டும்போது நான் மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவன் பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.