போட்ஸ்வானாவிலிருந்து வந்த தாய்மாமன்

மொழிபெயர்ப்பாளனை யாரும் அடிக்க வர மாட்டார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன். கதை எவரோ எழுதியது, பாத்திரங்கள் எந்த ஊர்க்காரர்களோ, நமக்கு என்ன வம்பு என்று நினைத்தேன். போட்ஸ்வானாவில் பல வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அங்கே பேசுகிற ஸெட்ஸ்வானா மொழியை என் மாணவர்களிடமே கற்றுக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு ராயப்பன்பட்டிக்குத் திரும்பினேன். சும்மா இருந்திருக்கலாம். அந்த மொழி நாவல் ஒன்றைத் தமிழாக்கி, தேனியில் வருகிற ஒரு மாதப் பத்திரிகையில் தொடராகக் கொடுத்தேன். அடுத்தவர் எழுத்துக்காகத் திட்டு வாங்கிப் பழகிய சக மொழிபெயர்ப்பாளர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

மீசை கேட்ட ஆசிரியர்

நாவலின் முக்கியமான ஆள் கதாநாயகியின் அம்மாவுக்கு அண்ணன். அங்கே அந்த உறவை 'மலோமே' என்பார்கள். பெண் பேசுவது முதல் கல்யாணம் வரை அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நம் பக்கத்தில் இதற்குச் சொல்லா பஞ்சம்? 'தாய்மாமன்' என்று போட்டுவிட்டேன். சனி பிடித்தது அங்கேதான். கதையில் அவரைக் கேட்காமலே பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிடுகிறார்கள். அவர் வர மாட்டேன் என்று சபதம் போடுகிறார்.

நாவலாசிரியர் அவர் நெட்டையா குட்டையா என்று சொல்லவே இல்லை. மனசில் என்ன நினைக்கிறார் என்றும் சொல்லவில்லை. ஊர்ப் பொதுத் திடலில் உட்கார்ந்திருப்பவர்கள் அவரைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அவர் தொப்பியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார். அவ்வளவுதான் பாத்திரப் படைப்பு. நான் படித்த ஸெட்ஸ்வானா நாவல்கள் சிலவற்றில் இப்படி ஊர் வாயாலேயே ஆளைக் கட்டி எழுப்பிவிடுவதைப் பார்த்து அசந்திருக்கிறேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் தனராஜ் அசரவில்லை. தேனி கடைவீதியில் அச்சகம் வைத்திருப்பவர், பார்க்காத எழுத்தா? முதல் அத்தியாயத்தை என் பக்கமே தள்ளிவிட்டுச் சொன்னார்: "மொகமே இல்லாத ஆளை எவன் சார் ஞாபகம் வச்சுக்கிருவான்? ஒரு மீசையாவது வைங்க."

நின்றுபோன விசைப்பலகை

என் கையெழுத்தை என்னால் படிக்க முடியாது, உத்தமபாளையத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் முருகேஸ்வரியால் முடியும். கணவர் இல்லை. ஒரே மகள், தேனியில் நர்ஸ். போடி மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாலாவது அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய அண்ணன் தங்கப்பாண்டிக்கு எங்கள் ஊர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம். கல்யாண வயசில் மகன் இருக்கிறான். முறைப்பையன் இருக்கும்போது அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியில் பேசிவிட்டார் முருகேஸ்வரி. 'இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று அண்ணன் போய்விட்டார். அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் அவர்கள் வழக்கத்தில் பெண் மேடை ஏறும். மூலப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன், மாதா மேல் சத்தியம் செய்தேன். அவர் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. "எங்க வீட்டு விசயத்தை உங்ககிட்ட யார் சார் சொன்னாக?"

டீக்கடையில் இலக்கிய விமர்சனம்

அந்த அத்தியாயம் இதழில் வெளிவந்ததும் ஊர் முழுக்கப் பேச்சு தீப்பிடித்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாழைக்காய் வியாபாரி என் தோளைத் தட்டி, தங்கப்பாண்டியை அப்படியே எழுதியிருக்கிறேன் என்று பாராட்டினார். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ஐயா, இது ஆப்பிரிக்கா, அங்கே மாட்டுப்பட்டி உண்டு, திராட்சைத் தோட்டம் கிடையாது, அந்த ஆள் தலையில் தொப்பி இருக்கிறது பாருங்கள் என்று டீ ஆறுகிற வரை விளக்கினேன். முருகேஸ்வரி வீட்டில் அழுகை, தங்கப்பாண்டி தோட்டத்தில் ஆத்திரம், நடுவில் நான் என்பது எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தார். "ஊர்ப் பேரை மாத்திப்புட்டா ஆளு தெரியாமப் போயிருவாகளா சார்?"

கவாத்துக் கத்திரி

மறு இதழ் வந்த நாள் மத்தியானம் தங்கப்பாண்டியே வந்துவிட்டார். தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது போலும், கொடி வெட்டுகிற கத்திரி கையிலேயே இருந்தது. பத்திரிகையை என் மேஜையில் விரித்து, அதன் மேல் கத்திரியை வைத்தார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் அங்கேயே நின்றுகொண்டாள்.

அந்த அத்தியாயத்தில் மாமன் தங்கை வீட்டு வேலி வரை போகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார். யாரும் பார்க்கவில்லை. தங்கப்பாண்டியின் விரல் அந்த இடத்தில் நின்றது. "அவ தெரு முக்கு வரைக்கும் போனேன். தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினேன். மறுபடி அவுத்துத் தோள்ல போட்டுட்டு வந்துட்டேன். இது எனக்கும் சாமிக்கும் மட்டுந்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னாக?" என்றார்.

யாரும் சொல்லவில்லை, இப்போது நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு மெதுவாகப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. கத்திரியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "இதை எந்தங்கச்சிகிட்டச் சொன்னீகன்னா, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

புரூஃபில் வந்து நின்றவர்

கடைசி அத்தியாயமும் கல்யாணமும் ஒரே வாரத்தில் விழுந்தன. மூலத்தில் மாமன் வருவதில்லை. அவருக்குப் போட்ட முக்காலியில் யாரும் உட்காரவில்லை, யாரும் அதை எடுத்து அப்பால் வைக்கவும் இல்லை. பெண் அதைத் தாண்டிப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். கதை முடிகிறது. முருகேஸ்வரி கொடுத்த புரூஃபைப் படித்தால், மாமன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து மருமகளைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.

நான் எழுதாததை அடிக்க நீங்கள் யார் என்று கத்திவிட்டேன். அண்ணன் படிப்பார் என்றார் அவர். கதையில் அந்த ஆள் வந்தால் தன் அண்ணனுக்கும் வர மனசு வரும், ஒரு பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். உங்கள் அண்ணன் தெரு முக்கு வரை வந்தார் அம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கத்திரி கண்ணில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டு முக்காலியைத் திரும்ப எழுதினேன். செய்தது சரிதான் என்று தெரிந்தும் பெரிய பாவம் செய்துவிட்டதைப் போல இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் திருத்தத்தை அடித்து முடித்தார். "நீங்க புஸ்தகத்துக்கு உண்மையா இருந்துக்கங்க சார். எம்மக மேடைக்குப் போறப்ப அவ கையை யாரு பிடிப்பாக?"

காலி நாற்காலி

கல்யாணத்துக்கு முந்தின நாளே இதழ் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் இன்னும் அசிங்கம். உள்ளே நுழைந்தால், மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தது. அதில் யாரையும் உட்கார விடாமல் முருகேஸ்வரி பக்கத்திலேயே நின்றார். முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் அவசரப்படுத்தினார். வேறு யாராவது மாலை போடட்டுமே என்று மாப்பிள்ளை வீட்டார் பேச ஆரம்பித்தார்கள். முருகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். பெண் அறை வாசலில் நின்று மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றதும் நிமிர்ந்தேன். தங்கப்பாண்டி கையில் மாலையோடு வந்துகொண்டிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது. தங்கையைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மருமகளுக்கு மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து விட்டார். அப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முருகேஸ்வரி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பந்திக்குப் போகும்போது தங்கப்பாண்டி என்னை ஓரமாக இழுத்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். "அந்த முக்காலி காலியாக் கெடந்துச்சுன்னு படிச்சதுக்கப்புறம் தோட்டத்துல நிக்க முடியல சார். கதையில அந்தாளு வந்திருந்தான்னா, நான் வந்திருக்க மாட்டேன்."

மூலத்துக்கு உண்மையாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது தாய்மாமனுக்குப் பக்கத்து இலை; ஆசிரியர் தனராஜ் மட்டும் கல்யாண போட்டோவில் தங்கப்பாண்டியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல மீசையை முதல் அத்தியாயத்திலேயே வைத்திருக்கலாமே என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.